ஹைட்ரேஞ்சியா வாடினால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்

ரிட்டையர் ஆகிற அன்று சால்வை போர்த்துவார்கள், ஒரு வெள்ளித் தட்டு கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் நீலப் பூ பூத்த ஒரு ஹைட்ரேஞ்சியா தொட்டியைக் கொடுத்தார்கள். "சார், இனிமே உங்களுக்கு டைம் இருக்கும், தினமும் தண்ணி ஊத்துங்க" என்றாள் அதில் ஒருத்தி. அது 2024 ஜனவரி கடைசி. மே மாதம் வருவதற்குள் அந்தச் செடியை மூன்று தடவை சாகடித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக.

இப்போது பெங்களூரில் லிங்கராஜபுரம், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் இந்தச் செடி தலை சாய்ந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துவிடுகிறது. போட்டோவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை மணிக்கு வாடுகிறது, விரலை விட்டால் மண் எப்படி இருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்த மூன்றையும் திருப்பிக் கேட்பேன். பாதிக்கு மேல் அதிலேயே தெரிந்துவிடும். மருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் நீங்களும் அதையே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அறிகுறிக்கு என்ன என்று கீழே எழுதியிருக்கிறேன், உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் இன்றைக்கே செய்துவிடுங்கள். தொட்டியைச் சுற்றியிருக்கிற ஜிகினா பேப்பரைக் கழற்றி எறியுங்கள். அழகுக்காகச் சுற்றியது அது, ஊற்றுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி நிற்கும். என் செடியின் முதல் சாவு அதனால்தான்.

மத்தியானம் துவண்டு விழுகிறது, சாயங்காலம் தானாக நிமிர்கிறது

இது நோயே இல்லை. உள்ளங்கை அகல இலை, வெயிலில் அது வெளியே விடுகிற தண்ணீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் செடி கொஞ்ச நேரம் தொங்கிவிடும், அவ்வளவுதான். நல்ல செடியும் மார்ச் மாத வெயிலில் இப்படித்தான் நிற்கும். இதைப் பார்த்துப் பதறிப்போய் மத்தியானமே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோமே, அதுதான் பின்னால் வேர் அழுகலில் கொண்டுபோய் விடுகிறது. சாயங்காலம் ஆறு மணி வரை பொறுத்திருந்து பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், அதற்கப்புறம் நிழல், கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் கச்சிதம். மேற்குப் பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் நிழல் வலை கட்டாமல் வேலைக்கு ஆகாது.

காலையிலேயே துவண்டிருக்கிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது

இதற்குத்தான் பயப்பட வேண்டும். ஈரத்தில் நிற்கிற செடி தாகத்தில் இருப்பதைப் போலத் தொங்கினால் தண்ணீரை உறிஞ்சுகிற வேர் போய்விட்டது என்று அர்த்தம். நாம் என்ன செய்கிறோம், வாடியிருக்கிறதே பாவம் என்று இன்னும் ஊற்றுகிறோம்.

தொட்டியைச் சாய்த்து, செடியின் அடியைப் பிடித்து, மண் கட்டியோடு மெதுவாக வெளியே எடுங்கள். வேர் வெளுப்பாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்து கிள்ளினால் உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, வழவழவென்று, இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று வந்து உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். என் தொட்டியை நான் கவிழ்த்தபோது ஊறப்போட்டு மறந்துபோன துணி வாடை வந்தது, வீட்டம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகினதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வேர் பாதி போனால் இலையும் பாதி போக வேண்டும், இருக்கிற பூவை இரக்கம் பார்க்காமல் வெட்டி டம்ளரில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சின வேர் அளவுக்குச் சின்னத் தொட்டியாக எடுங்கள். 'பெரிய தொட்டியில் வைத்தால் நன்றாக வளரும்' என்பார்கள், இந்த நிலைமையில் அது தப்பு. வேர் இல்லாத மண்ணில் ஈரம் அப்படியே நிற்கும்.

கலவை நான் போடுவது: கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (கனமில்லாத வெள்ளைக் கல் பொரி) அல்லது பருமணல் ஒரு பங்கு. 'கழுவின' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தேங்காய் நாரில் உப்பு இருக்கும், கட்டியாக வாங்கினதை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்துதான் போட வேண்டும். நட்டபிறகு ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது, வெயிலும் கிடையாது.

இனி எப்போது ஊற்றுவது என்றால், ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழிகிற வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தே கனத்தை வைத்துச் சொல்லிவிடுகிற பழக்கம் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

மண் சுருங்கித் தொட்டி ஓரத்திலிருந்து பிரிந்துவிட்டது, ஊற்றினால் உடனே அடியில் ஓடிவிடுகிறது

இரண்டாவது சாவு. ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போய் நான்கு நாள் கழித்து வந்தேன். அந்த வருஷம் மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். போர்வெல்கள் வற்றி, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. அரிசி களைந்த தண்ணீர், கீரை அலசின தண்ணீர் என்று சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தவன் ஊருக்குப் போனதும் அதுவும் நின்றுபோனது.

கோகோபீட்டோ பீட்டோ ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றுவது ஓரத்து இடுக்கு வழியாக அப்படியே இறங்கிவிடும், நடுவில் வேர்க்கட்டி வறண்டே இருக்கும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை விளிம்பு வரை அமுக்கி வையுங்கள். முதலில் மிதக்கும், குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி நிற்கிற வரை, அரை மணி நேரம், விட்டுவிட்டு எடுத்து வடியவிடுங்கள். அதே நாள் ராத்திரி பாதி இலைகள் எழுந்து நிற்கும். எழாத இலை கருகித்தான் போகும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

பெங்களூர்ச் செடிகளின் சொந்த வியாதி இது. புது இலைகள்தான் முதலில் வெளுக்கும், பச்சைக் கோட்டில் வரைந்த வரைபடம் மாதிரி நரம்பு மட்டும் தெரியும். பார்த்தவுடன் 'உரம் பத்தவில்லை' என்று யூரியா வாங்கிப் போடாதீர்கள். மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. ஹைட்ரேஞ்சியா அமிலத் தன்மையுள்ள மண்ணைக் கேட்கிற செடி. நாம் ஊற்றுவது போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர். கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கிறதா, குழாய் முனையில் சுண்ணாம்பு மாதிரிப் படிகிறதா, அதே சுண்ணாம்பு தொட்டிக்குள்ளும் மாதக்கணக்கில் சேர்கிறது. மண் காரமாகிவிட்டால் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும்.

இங்கே அபார்ட்மெண்ட்காரர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். "எங்க பில்டிங்ல சாஃப்ட்னர் இருக்கு சார், தண்ணி சாஃப்ட்" என்பார்கள். சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக சோடியத்தை விடுவதுதான் அந்த மெஷினின் வேலை. துணி துவைக்க அது நல்லது, தொட்டிச் செடிக்கு உப்பு. அதேபோல ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவார்கள். குடிக்கிற தண்ணீரில் வேண்டாம் என்று ஒதுக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வைத்துத் தரையைத் துடையுங்கள், ஹைட்ரேஞ்சியா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

என்ன செய்யலாம் என்றால், மழைத் தண்ணீருக்கு மிஞ்சினது இல்லை. ஏப்ரல் கடைசியில் ஆரம்பிக்கிற கோடை மழையிலிருந்து அக்டோபர் வரை இந்த ஊரில் பிடிக்கக் கிடைக்கும், மொட்டை மாடிக் குழாய்க்கடியில் ஒரு டிரம் போதும், கொசு வராமல் துணி கட்டி மூடுங்கள். மழை இல்லாத மாதங்களில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு கேன் தனியாகப் பிடித்து வையுங்கள், சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) போர்வெல்லோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. உடனடி வைத்தியம் கீலேட் இரும்பு (மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி பக்குவம் செய்த இரும்பு), காரமான மண் என்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருக்கிற வகை, பாக்கெட்டில் சொன்ன அளவு. நாட்டு மருந்துக் கடை அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் காரத்தில் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், தண்ணீரை மாற்றாமல் அதை மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் நிரப்புகிற கதை. வெளுத்த பழைய இலை முழுசாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அடுத்து வருகிற துளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

அடி இலை மட்டும் ஒன்றிரண்டு மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் வயசாகிவிட்டது, விடுங்கள்.

இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது

வெயில், இல்லையென்றால் உப்பு. 2024 ஏப்ரலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது, பெங்களூரா வேலூரா என்று சந்தேகம் வந்தது, எங்கள் தெருவுக்கு டேங்கர் தண்ணீர் மட்டும்தான். மூன்றாவது சாவு அப்போது. உப்பு என்றால் மண் மேலேயும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிட்டுக் கழுவுங்கள். உரத்தை நிறுத்துங்கள்.

புள்ளி, வெள்ளைப் பொடி, பூச்சி

ஊதா விளிம்போடு சின்னச் சின்ன வட்டப் புள்ளி வந்தால் பெரும்பாலும் இலைப்புள்ளி நோய், மழைக்காலத்தில் சகஜம். அந்த இலைகளைக் கிள்ளி வெளியே போடுங்கள், தண்ணீரை இலைமேல் அடிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள், தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பவுடர் பூசினது போல இருந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் சாயங்காலம் தெளிக்கலாம், ஆனால் கொதிக்கிற வெயில் காலத்தில் வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை கருகும். இலை முகத்தில் ஊசியால் குத்தின மாதிரி வெளிர் புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்தி. காய்ந்த காலத்தில் வரும். இலையின் அடிப்பக்கத்தை நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரால் வேகமாகக் கழுவினாலே முக்கால்வாசி போய்விடும். மாவுப்பூச்சி என்றால் பழைய டூத் பிரஷ், அப்புறம் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர்.

பூனை, நாய் வளர்ப்பவர்கள் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையும் மொட்டும் தின்றால் அவற்றுக்கு விஷம்.

நீலமாக வந்தது, இப்போது ரோஸ் ஆகிவிட்டது

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அமில மண்ணில், பி.எச். (அமில-கார அளவு) 5.5க்குக் கீழே, அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். 6.5க்கு மேலே போனால் அலுமினியம் ஏறாது, ரோஸ். நடுவில் ஊதா. நர்சரியில் அதற்கென்று கலவை போட்டு நீலமாக்கியிருப்பார்கள், நம் வீட்டுத் தண்ணீர் ஒரே வருஷத்தில் அதை மாற்றிவிடும். வெள்ளைப் பூ இரகம் இந்த வித்தைக்கெல்லாம் மசியாது.

நீலம்தான் வேண்டும் என்றால் சவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே அந்தப் படிகாரம், அதில் அலுமினியம் இருக்கிறது. லிட்டருக்கு 3 கிராம் முழுக்கக் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கிற மண்ணில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மொட்டு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும், விரிந்த பூவின் நிறத்தை மாற்றப் பார்த்து பிரயோஜனமில்லை. காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். எலும்புத்தூள் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அதிலிருக்கிற மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூ பச்சையாகிறது என்றால் அது முதிர்ச்சி. நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிதழ், அசல் பூ நடுவில் கடுகு அளவுக்கு இருக்கும். அதனால்தான் வாரக்கணக்கில் உதிராமல் நிறம் மாறி மாறி நிற்கிறது.

இலை எல்லாம் கொட்டி வெறும் குச்சி நிற்கிறது

மே முதல் வாரம் என் தொட்டியில் நான்கு குச்சிகள் மட்டும் நின்றன. "ஏங்க, அந்தக் குச்சிய எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க, குப்பைக்காரர் வந்திருக்கார்" என்றாள் வீட்டம்மா. நானும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டேன். கீழ்வீட்டு அஜ்ஜி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தொட்டியை வாங்கி, ஒரு குச்சியில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு, "பிசாகபேடி, ஜீவ இதெ" என்றார். தூக்கிப் போடாதீர்கள், உயிர் இருக்கிறது. சுரண்டின இடத்தில் தோலுக்கடியில் பச்சையாக, ஈரமாக ஒரு கோடு.

இதுதான் சோதனை. குச்சியின் மேலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரல்கடை இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாக, பொடியாக வந்தால் அந்த இடம் செத்துவிட்டது, இன்னும் கீழே போங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்குக் கீழே இருக்கிற முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம், ஆனால் அவசரப்படாமல் துளிர் வந்தபிறகு வெட்டுவது நல்லது. எல்லாக் குச்சியும் பழுப்பு என்றாலும் வேரை ஒருமுறை பாருங்கள். வேர் வெளுப்பாக இருந்தால் மண்ணுக்கடியிலிருந்தே முளைக்கும்.

அதுவரை நிழலில் வையுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, ஆகவே மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும், வாரம் ஒருமுறை ஒரு டம்ளர்கூட அதிகமாக இருக்கலாம். உரம் கூடவே கூடாது. நான் ஐந்து வாரம் காத்திருந்தேன். ஜூன் இரண்டாவது வாரம், ராத்திரி பெய்த மழைக்கு மறுநாள் காலை, மண்ணுக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் குச்சியின் இரண்டு பக்கமும் எதிரெதிராக எள் அளவுக்கு இரண்டு பச்சைப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பத்து நாளில் அரிசி அளவானது, பிறகு ஓலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ஜோடி இலை. ரிட்டையர் ஆனதிலிருந்து காலையில் எழுந்து பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தவன், பல் தேய்ப்பதற்கு முன்னால் பால்கனிக்குப் போக ஆரம்பித்தேன்.

துளிர் நான்கு இலை ஆனதும் பாதி அளவில் உரம் தொடங்கலாம். புதுக் கிளை முன்பைவிட நெட்டையாக வளரும், பயப்படாதீர்கள். பரிசுத் தொட்டிகளில் செடி குட்டையாக இருக்க நர்சரியில் மருந்து தெளிப்பது உண்டு, அதன் வேகம் போனதும் செடி தன் சுபாவத்துக்கு வந்துவிடும்.

தழைத்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை

முதல் காரணம் நம் கத்தரிக்கோல். கடையில் கிடைக்கிற பெரும்பாலான இரகம் போன வருஷத்துக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நவம்பரில் 'கவாத்து' செய்துவிட்டு மார்ச்சில் பூவைத் தேடினால் எங்கே இருக்கும்? பூ முடிந்த கையோடு, பூக்கொத்துக்குக் கீழே நல்ல மொட்டு ஜோடி இருக்கிற கணுவுக்கு மேல் வெட்டுங்கள், அதற்கப்புறம் ஆகஸ்டுக்கு மேல் கையே வைக்காதீர்கள். இரண்டாவது, தழைச்சத்து. வாராவாரம் உரம் போட்டால் இலைதான் வரும். மூன்றாவது, குளிர். மொட்டு உருவாக ராத்திரி வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே சில வாரம் வேண்டும். குன்னூரிலும் ஊட்டியிலும் வீட்டு வேலியோரம் யாரும் கவனிக்காமலே இது கொத்துக் கொத்தாகப் பூப்பது அதனால்தான், ஊட்டி 2,240 மீட்டர், பெங்களூர் 920. நமக்கு டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்தான் முதலீடு. அந்த இரண்டு மாதமும் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே விடுங்கள், மேலே ராத்திரி முழுக்க டியூப்லைட் எரிய வேண்டாம்.

2025 மார்ச்சில் என் செடியில் ஒரே ஒரு கொத்து வந்தது. ஊதாவும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் வெளுத்த ஒரு நிறம். "நீலம்னுதானே கொடுத்தாங்க?" என்றாள் வீட்டம்மா. காவிரித் தண்ணீரின் கலர் என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஜூலையில் பூக்காத கிளைகளில் மூன்றை நான்கு அங்குல நீளத்துக்கு, இரண்டு கணு இருக்கிற மாதிரி வெட்டினேன். அடிக் கணு இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரக் கோகோபீட்டில் செருகி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவரை மூடி நிழலில் வைத்தேன். நான்கு வாரத்தில் இரண்டு வேர் பிடித்தது, ஒன்று அழுகிப்போனது. பிடித்ததில் ஒன்று கீழ்வீட்டு அஜ்ஜிக்கு. இன்னொன்றை, தண்ணி ஊத்துங்க என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஜிகினா பேப்பர் சுற்றாமல்.